மினியேச்சர் மாடலில் ஈரம் காட்டுவது: கருமை முதலில், பளபளப்பு கடைசியில்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டை மாடி அறைக்கு நாலைந்து பேர் மாடலோடு வருவார்கள். கொலுவுக்குக் குட்டிக் கிராமம் கட்டுகிறவர்கள் பாதி, 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, வண்டி, மனிதர், மாடு செய்கிறவர்கள் மீதி. மழைக்காட்சி என்று கொண்டுவந்து வைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மண், சுவர், மாடு, மனிதர் எல்லாவற்றின் மேலும் கிளாஸ் வார்னிஷ், அதாவது பளபளப்பு வார்னிஷ், ஓடியிருக்கும். பார்த்தால் மழையில் நனைந்த மாதிரி இருக்காது, நெய்யில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும்.

வார்னிஷ் நல்ல வார்னிஷ்தான். எதற்குப் பிறகு எது என்பதில்தான் தவறு நடக்கிறது. அதனால் இங்கே ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டுகிறேன். 15 செ.மீ. சதுரப் பலகை, 1/35 அளவு. ஒரு சுண்ணாம்புச் சுவர், அதை ஒட்டி மண் பாதை, பாதையில் ஒரு குட்டை, குளித்துவிட்டுக் கரையேறி வரும் ஓர் எருமை. மழை விட்டுப் பத்து நிமிடம் ஆகிறது.

1. கையில் பிரஷ் எடுக்கும் முன் ஓர் ஊற்றைப் பாருங்கள்

எங்கள் பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். தண்ணீர் ஓடாத ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஈரம் வரையச் சொல்லித் தருகிறேன் என்று என்னைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மணலில் ஊற்று தோண்டியிருப்பதைப் பார்த்தால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

குழியின் நடுவில் தண்ணீர் மினுங்கும். அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் கருத்திருக்கும், ஆனால் மினுங்காது. அதற்கும் வெளியே வெளிறிய காய்ந்த மணல். மூன்று வளையம். நடுவளையம் இல்லாத குட்டை, தரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் போலத்தான் தெரியும். புதியவர்கள் விட்டுவிடுவது எப்போதும் அந்த நடுவளையத்தைத்தான்.

ஏன் கருக்கிறது? காய்ந்த மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒளி அங்கே பட்டுச் சிதறி நம் பக்கமே திரும்புகிறது, அதனால் வெளிறித் தெரிகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் சிதறல் குறைந்து, ஒளி இன்னும் ஆழம் போய் அங்கேயே உறிஞ்சப்படுகிறது. நீர் இன்னும் ஏறி, மேடுபள்ளத்தை மூடி, மேலே சமமான படலமாக நின்றால்தான் பளபளப்பு வரும். முதலில் கருமை, அப்புறம்தான் மினுக்கம். மாடலிலும் அதே வரிசைதான்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. நீரைக் குடிக்கிற பொருள்தான் கருக்கும்: மண், செங்கல், சுண்ணாம்புச் சுவர், பருத்தித் துணி, வைக்கோல், பட்டை. குடிக்காத பொருள் நனைந்தாலும் நிறம் மாறாது: பெயிண்ட் அடித்த இரும்பு, பிளாஸ்டிக் குடம், தார்ப்பாய், பித்தளை. அவற்றுக்குப் பளபளப்பு மட்டும் போதும். வாழை இலையில் நீர் பரவக்கூட மாட்டாது, முத்து முத்தாக நிற்கும். மாடலில் எந்தெந்தப் பொருள் எந்தக் கூட்டம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு வரும் எல்லாப் படிக்கும் அந்தத் தாள் வேண்டும்.

2. முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

நடுவில் எழுந்து கடைக்கு ஓடினால் ரெசின் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவம்) காத்திருக்காது. எல்லாம் மேஜைக்கு வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு: மினுங்காத மேட் ஒன்று, பளபளக்கும் கிளாஸ் ஒன்று. பாதி மினுங்கும் சாட்டின் தனியாக வாங்க வேண்டாம், இரண்டையும் சமமாகக் கலந்தால் அதுதான் சாட்டின். ஒரே கம்பெனியின் இரண்டு பாட்டிலாக இருந்தால் கலப்பதில் வம்பு வராது. மாடல் கடைப் பொருள் கிடைக்கிறவர்கள் டாமியா எக்ஸ்-22 போன்ற கிளியரை கிளாஸாக வைத்துக்கொள்ளலாம்.

குட்டைக்கு இரண்டு பாகமாக வரும் தெளிவான எபாக்சி ரெசின். சின்னச் சொட்டுகளுக்கு, புறஊதா ஒளி பட்டால் இறுகும் யுவி ரெசின், அதற்கு நகப்பூச்சு உலர்த்தும் சின்ன விளக்கு. பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), கறுப்பு ஆகிய இரண்டு ஆயில் கலர் டியூப், கொஞ்சம் டர்பன்டைன். உப்புத்தாள், பல்குத்தி, பழைய பிரஷ் இரண்டு, நல்ல 0 எண் பிரஷ் ஒன்று, ரசமட்டம், மாடலை மூடிவைக்க ஓர் அட்டைப்பெட்டி.

ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு கட்டாயம். ரெசினை அளக்க அதைவிடச் சுலபமான கருவி இல்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஊர், சிரிஞ்சுக்கு அலைய வேண்டியதில்லை. ரெசினுக்கு ஒன்று, அதை இறுக்கும் ஹார்ட்னருக்கு ஒன்று என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். மாற்றி நுழைத்தால் பாட்டிலுக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும்.

நைட்ரைல் கையுறையையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். இறுகாத எபாக்சி தோலில் படப் படச் சிலருக்கு அலர்ஜி வந்துவிடும். ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

3. எந்த மாதம், எந்த நேரம்

வடஆற்காட்டுப் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. எபாக்சி ரெசினுக்கு வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம், அதாவது கலந்த பிறகு இறுகுவதற்குள் வேலை செய்யக் கிடைக்கும் நேரம், ஏறக்குறைய பாதியாகக் குறையும். பெட்டியில் 40 நிமிடம் என்று போட்டிருப்பது 25 டிகிரி அறைக்கு. மே மாத மாடி அறையில் அது 15 நிமிடம்கூட இருக்காது.

ஒரு மே மாத மத்தியானம் 60 மி.லி. ரெசினைச் சின்னக் கப்பில் கலந்து வைத்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போனேன். திரும்பி வந்தபோது கப் குழைந்து சாய்ந்திருந்தது, உள்ளே ரெசின் மஞ்சளாகி வெடித்திருந்தது, தொட முடியாத சூடு. இறுகும்போது ரெசின் தானே சூடாகும். கப்பில் மொத்தமாக நின்றால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். வெயில் காலத்தில் காலை ஆறு, ஏழு மணிக்கு, 10 மி.லி.க்கு மேல் போகாமல் கலக்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை வேறு மாதிரி. ஸ்ப்ரே வார்னிஷில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பூச்சு பால் மாதிரி வெளுக்கும். மழை நாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள், பிரஷ்ஷால் அடியுங்கள். ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் பதினொரு மணிக்கு மேல்.

கொலுவுக்குச் செய்கிறவர்கள் ஆடி முடிவதற்குள் ரெசின் வேலையை முடித்துவிடுவது நல்லது. நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு ஊற்றிய குட்டையில் தூசியும் கைரேகையும்தான் மிஞ்சும்.

4. மண்ணும் குழியும்

பலகையில் மண் ஒட்டுவதற்கு முன் ஒரு கணக்கு. 1/35 அளவில் மாடலில் உள்ள 1 மி.மீ., நிஜத்தில் மூன்றரை செ.மீ. ஆற்று மணலை அப்படியே போட்டால் ஒவ்வொரு மணலும் கூழாங்கல்லாகத் தெரியும். ஏரி வண்டலை வெயிலில் காயவைத்து, வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் ஒருமுறை, மெல்லிய துணியில் ஒருமுறை சலியுங்கள். வறுப்பது மண்ணில் இருக்கும் ஈரத்துக்கும் பூச்சி முட்டைகளுக்கும். விட்டுவிட்டால் இரண்டு மாதத்தில் பூஞ்சை பூக்கும்.

வெள்ளைப் பசையை நீரில் கொஞ்சம் நீர்த்துத் தடவி, மேலே மண்ணைத் தூவுங்கள். குட்டை வரும் இடத்தை மண் ஈரமாக இருக்கும்போதே கரண்டிக் காம்பால் அழுத்திப் பள்ளமாக்குங்கள். ஆழம் 1 மி.மீ. போதும். 3 மி.மீ. தோண்டினால் அது நிஜத்தில் பத்து செ.மீ.க்கு மேல், கணுக்கால் மூழ்கும் பள்ளம், பாதையில் தேங்கிய மழைநீர் இல்லை. குட்டை வட்டமாக இருக்கக் கூடாது. வண்டித்தடம் போன இடத்தில் நீளமாக, குளம்பு பதிந்த இடத்தில் சின்னச் சின்னதாக வரட்டும்.

காய்ந்த பிறகு பள்ளத்துக்குள் மட்டும் வெள்ளைப் பசையையோ மேட் வார்னிஷையோ இரண்டு கோட் அடித்து ஓட்டைகளை அடையுங்கள். இதைச் சோம்பலில் விடுகிறவர்கள் நிறைய. ரெசினுக்கு எறும்பு மாதிரி குணம், ஊசித்துளை கிடைத்தால் போதும், அதன் வழியே போய்விடும். ராத்திரி நிறைத்து வைத்த குட்டை காலையில் வற்றியிருக்கும், பலகை மேஜையோடு ஒட்டியிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் காற்றும் அந்தத் துளை வழியாகத்தான் குமிழியாக மேலே வரும்.

5. எல்லாவற்றையும் காய்ந்ததாகவே பெயிண்ட் அடித்து முடியுங்கள்

நனைந்த காட்சி என்றாலும் முதலில் ஒரு சொட்டு ஈரம் இல்லாத காட்சியாக முடிக்க வேண்டும். பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடிக்கும் முதல் பூச்சு), அடி நிறம், நிழல், வெளிச்சம், உலர் பிரஷ் (பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தேய்ப்பது), எருமைமேல் புழுதி, சுவரில் பாசி, எல்லாம்.

காரணம், கருமை எவ்வளவு என்பதைக் காய்ந்த நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் கண் முடிவு செய்யும். காய்ந்த இடமே இல்லாவிட்டால் ஈரமான இடமும் இல்லை. எனவே பாதையின் காய்ந்த மண்ணைக் கொஞ்சம் கூடுதலாகவே வெளுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் மேல்பகுதியில், தாழ்வாரத்துக்குக் கீழே, மழை படாத ஒரு கையளவு இடம் கட்டாயம் விடுங்கள்.

புழுதிக்காகக் கலர்ப்பொடி தூவுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பொடியின் மேல் வார்னிஷ் பட்டால் அது உண்மையாகவே நனைந்த மண்போலக் கருக்கும், பாதி காணாமலும் போகும். பெயிண்ட் அப்படிக் கருக்காது, ஏனென்றால் அதன் துகள்கள் ஏற்கெனவே பிசினுக்குள் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தால்தான், “வார்னிஷ் அடித்தேன், இங்கே கருத்தது, அங்கே கருக்கவில்லை” என்ற குழப்பம் வருகிறது. பொடியை ஏழாவது படி முடிந்து, ஈரம் வராத இடத்தில் மட்டும் தூவுங்கள்.

6. ஈரத்தின் கருமையைப் பெயிண்டாலேயே கொண்டுவருவது

மேலே சொன்ன காரணத்தால் கிளாஸ் வார்னிஷ் கருமையைக் கொண்டுவராது. நாம்தான் வரைய வேண்டும். முழு வேலையில் அதிக நேரம் இதற்குக் கொடுங்கள்.

பர்ன்ட் அம்பரில் மிளகு அளவு கறுப்பைச் சேர்த்து டர்பன்டைனில் டீத்தண்ணி பதத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்து ஒரு நாள் ஆகியிருக்க வேண்டும். குட்டைப் பள்ளத்துக்குள் முழுக்க ஒரு கோட், பள்ளத்தைச் சுற்றிக் கால் அங்குலம் வரை இன்னொரு கோட். ஆயில் கலர் மெதுவாகக் காய்வதால் விளிம்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கரைத்துவிடலாம். அக்ரிலிக்கில் இதைச் செய்தால் விளிம்பு கோடு கட்டிவிடும். நிஜத்தில் ஈரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, இங்கேயும் காட்ட முடியக் கூடாது.

எவ்வளவு கருக்க வேண்டும்? வீட்டு வாசலில் ஒரு பிடி மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் தண்ணீர் தெளித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நினைத்ததைவிட அதிகமாகக் கருத்திருக்கும். செம்மண்ணாக இருந்தால் கருமையோடு சிவப்பும் கூடும். அதற்காக இந்த நீர்த்த கலவையில் கொஞ்சம் செங்காவி சேர்ப்பேன். வெறும் கறுப்பு போட்டால் மண் நனைந்தது போல இருக்காது, கரி கொட்டியது போல இருக்கும்.

குட்டையின் அடியை நீலமாக அடிக்காதீர்கள். இது சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. பாதைக் குட்டை நீருக்கு நிறம் கிடையாது, அடியில் உள்ள மண்ணின் நிறம்தான். நடுவில் கருமை கூடுதலாக, ஓரத்துக்கு வர வரக் குறைவாக வைத்தால் ஆழம் தானாகத் தெரியும். கோட்டை அகழி மாதிரி தேங்கிய நீர் செய்கிறவர்கள் கரும்பச்சையும் பழுப்பும் கலந்து அடியில் அடிக்கலாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்ததைப் போன்ற வெள்ளம் என்றால் அது கலங்கல். அடித்தளம் தெரியவே தெரியாது, ரெசினுக்குள்ளேயே பழுப்பு கலக்க வேண்டும்.

எருமைக்கும் இப்போதே கருமை. குளித்து வந்தது என்பதால் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று ஒரு கோட்டை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கீழே கால், வயிறு, கழுத்தின் அடி, எல்லாம் கறுப்பு. மேலே முதுகில் வெளிறிய சாம்பல், சேறு காய்ந்த திட்டுகள். முழு எருமையையும் ஒரே கறுப்பாக அடித்துவிட்டால் குளித்ததும் தெரியாது, குளிக்காததும் தெரியாது.

7. முழுக்க மேட் வார்னிஷ்

கருமை காய்ந்து இரண்டு நாள் ஆனதும் முழு மாடலுக்கும் மேட் வார்னிஷ் அடியுங்கள். ஈரம் வரப்போகிற இடத்துக்கும் சேர்த்துத்தான். பெயிண்டிலேயே சில நிறங்கள் லேசாக மினுங்கும், ஆயில் கலர் இன்னும் கொஞ்சம் மினுங்கும். அதையெல்லாம் அடக்கிவிட்டால்தான் அடுத்து நாம் வைக்கும் மினுக்கம் ஒவ்வொன்றும் நாம் நினைத்த இடத்தில் மட்டும் இருக்கும்.

மேட் பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கும், மேட் தன்மையைத் தருவது அதுதான். கலக்காமல் மேலாக எடுத்தால் பளபளக்கும், அடியில் எடுத்தால் வெள்ளை படியும். மூடியைத் திறக்கும் முன் இரண்டு நிமிடம் உருட்டிக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் நுரை வரும்.

இந்தப் படியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, கிளாஸ் முடிந்த பிறகு மேலே மேட் ஸ்ப்ரே அடித்தவர்கள் என் மேஜையில் குறைந்தது மூன்று பேர். ஒரு நொடியில் ஈரம் முழுக்கப் போய்விடும். இதற்குப் பிறகு மாடல் முழுவதற்கும் எதையும் அடிக்கக் கூடாது.

8. மினுக்கத்தை மூன்று படியாக ஏற்றுவது

இப்போது ஊற்றின் மூன்று வளையம். வெளிவளையம் மேட், அது முடிந்துவிட்டது. நடுவளையத்துக்கு, கருத்த இடத்தில் மட்டும், சாட்டின் கலவை ஒரு கோட். சமமாகத் தடவாமல் பிரஷ் நுனியால் குத்திக் குத்தி வையுங்கள், அங்கங்கே விட்டுப் போனாலும் நல்லது. உள்ளே, நீரை ஒட்டிய ஓரத்தில், கிளாஸ்.

மண் மேல் முதல் கோட் கிளாஸ் அடித்ததும் ஒன்றுமே தெரியாது. சொரசொரப்பு அதை விழுங்கிவிடும். பயந்து கெட்டியாக ஊற்ற வேண்டாம், ஒவ்வொரு கோட்டுக்கும் அரை மணி விட்டு மூன்று மெல்லிய கோட் போடுங்கள். மேடுபள்ளம் நிறைந்து சமமானால்தான் மினுங்கும் என்று முதல் படியில் சொன்னது இங்கே கண்ணெதிரே நடக்கும்.

சுருக்கமாக ஓர் எச்சரிக்கை: கருமை இல்லாத இடத்தில் கிளாஸ் தொட்டால் அது எண்ணெய்க் கறை, கிளாஸ் இல்லாத இடத்தில் கருமை இருந்தால் அது ஈரப்பதம். இரண்டாவது தவறே இல்லை.

9. குட்டைக்கு ரெசின்

அளவு போடுங்கள். 5 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம் என்றால் 2 மி.லி.தான் வேண்டும். ஆனால் 2 மி.லி.யை மட்டும் கலக்காதீர்கள். அவ்வளவு சின்ன அளவில் ஒரு சொட்டு கூடினாலும் விகிதம் கெட்டுவிடும், குட்டை வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். உங்கள் ரெசினின் விகிதம் 2:1 என்றால் 6 மி.லி.க்கு 3 மி.லி. எடுங்கள், மிச்சத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். விகிதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், சிலது எடைக்கணக்கு, சிலது அளவுக்கணக்கு. பெட்டியைப் படியுங்கள்.

மூன்று நிமிடம் மெதுவாக, கப்பின் பக்கவாட்டையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு இன்னொரு கப்புக்கு மாற்றி ஒரு நிமிடம் கலக்குங்கள். முதல் கப்பின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருப்பது குட்டைக்கு வராமல் இருக்கத்தான் இரண்டாவது கப்.

பலகையை ரசமட்டம் வைத்து நாலு பக்கமும் சமமாக்குங்கள். ரெசின் தண்ணீர் மாதிரிதான், சாய்ந்த பக்கம் போகும். பல்குத்தி வழியாக நடுவில் விட்டு ஓரத்துக்கு இழுத்துச் செல்லுங்கள், ஓரத்துக்கு ஒரு முடி முன்னால் நிறுத்துங்கள், மிச்சத்தை அதுவே நடந்து போய்விடும். கொஞ்ச நேரத்தில் குமிழி மேலே வரும், பல்குத்தியால் குத்திவிடுங்கள். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு 24 மணி நேரம் எட்டிப் பார்க்காதீர்கள். பார்க்கத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தூசி இறங்கும். முழுக்க இறுக மூன்று நாள் பிடிக்கும்.

இறுகிய பிறகு ஓரத்தைப் பாருங்கள். கல்லோ சுவரோ தொட்ட இடத்தில் ரெசின் அரை மி.மீ., ஒரு மி.மீ. ஏறி நிற்கும். நிஜ நீரும் அப்படி ஏறும், ஆனால் ஒரு மி.மீ. என்பது நம் அளவில் மூன்றரை செ.மீ. ஆயிற்றே. காட்சியின் அளவைக் காட்டிக்கொடுப்பது இந்த ஓரம்தான். மேட் வார்னிஷில் சலித்த மண்ணைக் குழைத்து அந்த ஏற்றத்தின் மேல் குத்தி மூடுங்கள். ஒரு வைக்கோல் துண்டோ காய்ந்த இலையோ ஒட்டிவிட்டால் இன்னும் சுலபம்.

வெள்ளைப் பசையை ஊற்றினால் ஆகாதா என்று கேட்பார்கள். மெல்லிய கோட்டுக்குப் பரவாயில்லை. கெட்டியாக ஊற்றினால் நடுவில் பால் நிறம் தங்கும், காயும்போது சுருங்கி நடு குழியும், மழைக்காலத்தில் திரும்பவும் பிசுபிசுக்கும்.

10. சுவரில் வழிந்த நீர்

சுவர் ஈரம் இரண்டு பக்கமிருந்து வரும். மேலே தூம்பிலிருந்தும் விரிசலிலிருந்தும் வழிவது ஒன்று, கீழே தரையிலிருந்து ஊறி ஏறுவது ஒன்று. வழிவதற்குக் கோடு உண்டு, ஊறுவதற்குக் கோடு கிடையாது, மேகம் மாதிரி ஒழுங்கில்லாத விளிம்புதான்.

வழிந்த கோட்டை எப்போதும் ஒரு காரணத்திலிருந்து தொடங்குங்கள். தூம்பு, ஆணி, ஜன்னல் மூலை, பெயர்ந்த பூச்சு. வெறும் சுவரின் நடுவே திடீரென்று ஆரம்பிக்கும் கோடு கண்ணீர் போலத் தெரியும். கருமைக் கோட்டின் நடுவில் மட்டும், அதைவிட ஒல்லியாக கிளாஸ் இழுங்கள், இரு பக்கமும் கருமை வெளியே தெரிய வேண்டும். கீழிருந்து ஊறிய ஈரத்துக்கு சாட்டின்கூட வேண்டாம், கருமையே போதும்.

11. எருமையும் மனிதரும்

எருமையின் நனைந்த பகுதிக்கு சாட்டின், அதற்குள் விலா மேடு, முழங்கால், குளம்புக்கு மேல் கிளாஸ். வயிற்றுக்கு அடியில் யுவி ரெசின் மூன்று சொட்டு தொங்கவிட்டு, விழும் முன் விளக்கைக் காட்டுங்கள். மாடலைத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டு வைத்தால் குண்டாக நிற்கும், நேராகப் பிடித்தால் ஒழுகி நீளும். இந்த இடத்துக்கு நேராகப் பிடிப்பதுதான் சரி.

யுவி ரெசின் பாட்டிலை ஜன்னல் பக்கம் திறந்து வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலே அதை இறுக்கிவிடும். ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நிறம் கலந்தால் வெளிச்சம் உள்ளே போகாமல் அடி இறுகாது.

மூக்குக்கு மட்டும் எந்தப் பருவத்திலும் கிளாஸ் உண்டு. நல்ல ஆரோக்கியமான மாட்டுக்கு மூக்கு எப்போதும் ஈரமாக இருக்கும். காய்ந்த மூக்கு எருமையைக் கொண்டுவந்த பையனிடம், “என்ன தம்பி, இதுக்குக் காய்ச்சலா?” என்று கேட்டேன். மாடு வளர்க்கிற வீட்டுப் பையன், சட்டென்று புரிந்துகொண்டான்.

மனிதருக்கு வேட்டியின் கீழ் ஓரம் கருத்து, மேலே ஏற ஏறக் குறைய வேண்டும். துணிக்கு கிளாஸ் கூடவே கூடாது. நனைந்த பருத்தி மினுங்காது, கருத்து உடம்போடு ஒட்டும். நெற்றியிலும் தோளிலும் சாட்டின். உதட்டுக்கும் சாட்டின், கிளாஸ் போட்டால் சாயம் பூசியது போல ஆகிவிடும். கண்ணுக்கு மட்டும் கிளாஸ், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. பொம்மைக்குக் கண் திறப்பது கடைசியில்தானே.

1/72 போன்ற சின்ன அளவில் இதெல்லாம் செய்தாலும் வெளிச்சம் பட்டு மினுங்கும் புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகிவிடும். அங்கே வெள்ளைப் பெயிண்டால் கூர்மையான ஒரு புள்ளி வைத்து, அதன் மேல் கிளாஸ் அடியுங்கள். பெரிய அளவில் இதைச் செய்யாதீர்கள். வரைந்த ஒளி ஒரு பக்கமும், ட்யூப்லைட்டின் ஒளி இன்னொரு பக்கமும் நின்று சண்டை போடும்.

12. ஈரமில்லாத பளபளப்பு

கொலுச் செட்டியார் கடைக்குச் சின்னக் கத்திரிக்காய் செய்கிறவர்கள் இதே முறையைப் பிடித்துக்கொண்டு சாட்டின் வளையமெல்லாம் போடுவார்கள். தேவையில்லை. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் பளபளப்பு அதன் தோலுடையது. காய் முழுக்க ஒரே சீராக மெல்லிய கிளாஸ், காம்பும் அதன் பச்சைத் தொப்பியும் மேட். அந்தத் தொப்பியில் கிளாஸ் தொட்டுவிட்டால் காய் பிளாஸ்டிக் ஆகிவிடும்.

ஆற்காடு மக்கன் பேடா இரண்டுக்கும் நடுவில் நிற்கிற விஷயம். பாகில் ஊறியது என்பதால் அடி நிறம் ஆழமான பழுப்பாக இருக்க வேண்டும், மேலே கிளாஸில் ஊசிமுனை அளவு மஞ்சளும் பழுப்பும் கலந்து இரண்டு கோட். தட்டில் ஒவ்வொன்றைச் சுற்றியும் நூல் அகலத்துக்குப் பாகு தேங்கியிருக்க வேண்டும். அந்த நூல் இல்லாவிட்டால் எவ்வளவு பளபளத்தாலும் அது கோலிக்குண்டுதான்.

13. கெட்டுப்போனால் எது திரும்பும், எது திரும்பாது

கிளாஸ் வரம்பு மீறிப் பரவிவிட்டால் அந்த இடத்தில் மேட் வார்னிஷை பிரஷ்ஷால் வைத்து அடக்கலாம். ஸ்ப்ரேயால் செய்யாதீர்கள், பக்கத்து ஈரமும் சேர்ந்து போய்விடும்.

ஸ்ப்ரே வெளுத்துப்போனால் உடனே உரிக்க வேண்டாம். காய்ந்த வெயில் நாளில் அதே வார்னிஷை மிக மெல்லியதாக இன்னொரு தடவை அடித்தால் பல சமயம் தெளிந்துவிடும். முதலில் அதே பெயிண்ட் அடித்த வேறு துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தின்னர் வாசனை தூக்கலாக வரும் ஸ்ப்ரே, எனாமல் பெயிண்ட் மேல் பட்டால் சுருட்டிவிடும்.

குட்டையில் தூசி விழுந்து இறுகிவிட்டால் நனைத்த நுண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் கிளாஸ் ஒரு கோட் அடித்தால் தெளிவு திரும்பும். தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் கழித்தும் பிசுபிசுக்கிற ரெசின் விகிதம் தவறியது. மேலாக மட்டும் லேசாக ஒட்டினால் சரியாக அளந்து கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றை மேலே ஊற்றலாம். விரல் அமுங்குகிற அளவுக்கு இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, நாலாவது படியிலிருந்து திரும்ப மண் ஒட்டுங்கள்.